லக்கல மலைநீரும் கொட்டியாரக் குடாவின் செப்பலி மீனும்

லக்கல என்றதும் மாத்தளை மாவட்டத்தவர்க்கு நினைவில் எழுவன மூடுபனி படர்ந்த நக்கிள்ஸ் மலைத்தொடரும், அதன் அடிவாரத்து வயல்களும், அண்மைக்காலத்தில் நீர் நிறைந்த களு கங்கை நீர்த்தேக்கமுமே ஆகும். கடலுக்கும் லக்கலவுக்கும் என்ன தொடர்பு எனக் கேட்டால், சந்தையிலே ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்துத் தரப்படும் மீன் ஒன்றே தொடர்பு எனப் பலரும் கூறக்கூடும். அந்த மீன்களுள் செந்நிறமான ஒன்றைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகின்றோம். அதனை விலைகொடுத்து வாங்கும் லக்கல மக்களே அதன் பிறப்பிடத்திற்கு நீரும் மண்ணும் அனுப்பி வைப்பவர்கள் என்பது பலரும் எண்ணிப் பாராத ஒன்றாகும்.

நக்கிள்ஸ் சரிவுகளில் பெய்யும் மழை களு கங்கையாகவும் தெல்கமு ஓயாவாகவும் இறங்கி, இறுதியில் அம்பன் கங்கையை அடைகின்றது. அம்பன் கங்கை மனம்பிட்டியப் பக்கத்தில் மகாவலியோடு இணைகின்றது. 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கின்றது. அதன் கிளையொன்று வெருகல் ஆறு என்னும் பெயருடன் தெற்கே தனியாகச் சென்று கடலில் விழுகின்றது. மலைநீரும் உப்புநீரும் கலக்கும் இந்த முகத்துவாரங்களும், அவற்றின் ஓரத்துக் கண்டல் காடுகளுமே செப்பலி மீன் தன் இளமைக் காலத்தைக் கழிக்கும் வகையான இடங்களாகும்.

செப்பலி என்றும் செம்பல்லி என்றும் ஊருக்கு ஊர் இதன் பெயர் சிறிது மாறும். தமிழ்நாட்டிலோ சங்கரா என்னும் ஒரே பெயர் பல செந்நிற மீன்களுக்கும் பொதுவாக வழங்குகின்றது. விஞ்ஞானிகள் இதனை லுட்ஜானஸ் ஆர்ஜென்டிமாக்குலேட்டஸ் என அழைக்கின்றனர். லுட்ஜானஸ் என்னும் இனப்பெயர் மலாய் மொழியில் இவ்வகை மீன்களைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. இம்மீனை முதன்முதலில் விஞ்ஞான முறையில் விவரித்தவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்பவராவார். டென்மார்க் மன்னர் 1761 இல் அரபு நாடுகளுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் இடம்பெற்ற அவர், செங்கடல் மீன்களைச் சேகரித்து எழுதிவைத்தார். 1763 இல் யெமன் நாட்டில் நோயுற்று இறந்தார். குழுவினரில் உயிரோடு திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. அவரே ஃபோர்ஸ்கோலின் குறிப்புகளை 1775 இல் நூலாக வெளியிட்டார். அரபு மீனவர் வழங்கிய பெயர்களையே பல மீன்களுக்கு விஞ்ஞானப் பெயராக ஃபோர்ஸ்கோல் சூட்டியமை குறிப்பிடத்தக்கது. செப்பலியின் உறவினமான போஹார், விளைமீன் வகையைச் சேர்ந்த ஹாரக் ஆகிய பெயர்கள் இன்றும் உலகெங்கும் நூல்களில் அவ்வாறே உள்ளன. கடற்கரை மக்களின் அறிவுக்கு விஞ்ஞானம் செலுத்திய மரியாதையாக இதனை நாம் கொள்ளலாம்.

இனி இம்மீனின் வாழ்க்கையைப் பார்ப்போம். முதிர்ந்த செப்பலிகள் கரையிலிருந்து விலகிய முருகைக்கற்பாறைகளிலும் ஆழ்கடற் பாறைகளிலும் வாழ்ந்து, திறந்த கடலிலேயே முட்டையிடுகின்றன. முட்டை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுடையது. அது நீரில் மிதந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் பொரிக்கின்றது. குடம்பிகள் சில வாரங்கள் கடலோட்டத்தில் அலைந்து, எஞ்சியவை கரையோர முகத்துவாரங்களுக்குள் நுழைகின்றன. அங்கே கண்டல் வேர்களுக்கிடையிலும், சில வேளைகளில் உப்பே இல்லாத ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் பல ஆண்டுகள் வளர்கின்றன. இளமீனின் பக்கங்களில் வெளிறிய குறுக்குப் பட்டைகளும், கன்னத்தில் ஓரிரு நீலக் கோடுகளும் காணப்படும். வளர வளரப் பட்டைகள் மங்கி, உடல் செம்புநிறமாகின்றது. பின்னர் ஒரு பருவத்தில் ஆற்றை விட்டு நீங்கி, வெளிக்கடற் பாறைகளை நோக்கிச் செல்கின்றது.

அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்தில் இம்மீன்களுக்கு அடையாளமிட்டு விடுவித்து நடத்தப்பட்ட ஆய்வுகள் இந்த இடப்பெயர்வை ஐயமின்றி நிறுவியுள்ளன. ஆறுகளில் அடையாளமிடப்பட்ட மீன்கள் பின்னர் வெளிக்கடற் பாறைகளில் பிடிபட்டன. அதே ஆய்வாளர்கள் கண்ட மற்றொரு உண்மை நமக்கு மிகவும் முக்கியமானது. ஆண் மீன் ஏறத்தாழ 47 சென்ரிமீற்றர், பெண் மீன் ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் நீளத்தை எட்டும்போதே அவற்றிற் பாதியளவு பருவமடைகின்றன. ஆற்றில் வாழும் மீன்களோ பெரும்பாலும் அந்த அளவை எட்டாதவை. அதாவது முகத்துவாரத்தில் பிடிபடும் செப்பலி ஏறக்குறைய எப்போதும் ஒரு முறையேனும் முட்டையிடாத குஞ்சு மீன். பாறையில் பிடிபடும் பெரிய செப்பலி இனத்தைப் பெருக்கும் தாய்மீன் அல்லது தந்தைமீன்.

இவ்வினம் மெதுவாக வளர்ந்து நீண்டகாலம் வாழ்வது என்பதையும் மறந்துவிடலாகாது. மரத்தின் வயதை அதன் வளையங்களைக் கொண்டு கணிப்பதுபோல, மீனின் தலைக்குள் உள்ள செவிக்கல்லின் வளையங்களை எண்ணி வயதை அறிகின்றனர். செப்பலி முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது என இவ்வாறே அறியப்பட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மீன் மேற்கு அவுஸ்திரேலியக் கடலில் 81 ஆண்டுகள் வாழ்ந்திருந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு கூறியது. போஹார் மீன் ஒன்றின் வயது 79 எனவும் அதே ஆய்வில் கணிக்கப்பட்டது. நம் வீட்டுச் சட்டியில் விழும் மீன் நம்மை விட மூத்ததாக இருக்கக்கூடும் என எண்ணும்போது சற்று வியப்பே ஏற்படுகின்றது.

வயதும் பருமனும் கூடக்கூட முட்டைகளின் தொகை நேர்விகிதத்தில் அன்றி, பன்மடங்காகப் பெருகுகின்றது. மெக்சிக்கோ வளைகுடாவில் வாழும் செந்நிற உறவினம் பற்றி மீன்வள நிபுணர்கள் நெடுங்காலமாக எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 61 சென்ரிமீற்றர் நீளமான ஒரு பெண் மீன் இடும் முட்டைகளுக்கு ஈடாக, 42 சென்ரிமீற்றர் நீளமான பெண் மீன்கள் 212 தேவைப்படும் என்பதே அது. 342 வகைக் கடல்மீன்களின் தரவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்வும் பெரிய தாய்மீன்களின் பங்கு நாம் எண்ணியதிலும் பெரிது என்பதை உறுதிசெய்தது. நூறு சிறிய மீன்களை விட்டுவிட்டேன் என்று ஆறுதல் கொள்பவர் ஒரு பெரிய மீனைக் கொன்றிருந்தால் கணக்கு நேராகாது.

இத்தகைய மீனைத் தூண்டிற்காரர் விரும்புவதற்குக் காரணம் அதன் சுவை மட்டுமன்று. செப்பலி மறைந்திருந்து பாயும் இரைகௌவி. இரவில் வேட்டையாடி, இறாலும் நண்டும் சிறுமீனும் உண்பது. கண்டல் வேரின் நிழலிலோ பாறைப் பொந்தின் வாயிலிலோ அசையாது நிற்கும். இரை அருகில் வந்த கணமே பாய்ந்து கவ்வி, அதே வேகத்தில் திரும்பித் தன் பொந்துக்குள் நுழையும். அந்த முதல் இரண்டு மூன்று விநாடிகளில் அதனைத் தடுத்து நிறுத்தாவிட்டால் தங்கூசி நூல் வேரிலோ கல்லிலோ உரசி அறுந்துபோகும். கூரிய கோரைப் பற்களும் நூலுக்குப் பகையானவை. எனவே இது பலத்தை விட விழிப்பையே சோதிக்கும் மீன் எனலாம். கையால் தங்கூசி வீசும் முகத்துவாரத்துச் சிறுவனும், விலையுயர்ந்த ரீலும் போலி இரையும் கொண்டுவரும் வெளிநாட்டு உல்லாசப் பயணியும் இந்த ஓரிரு விநாடிகளில் சமமானவர்களே.

போர் நடைபெற்ற காலத்தில் கிழக்குக் கடலில் மீனவருக்கே பல கட்டுப்பாடுகள் இருந்தன. 2009 இல் போர் முடிவுற்ற பின்னர், திருகோணமலைக் கரையோரத்தில் உல்லாசப் பயணத்துறையோடு தூண்டில் விளையாட்டும் வளர்ந்து வருகின்றது. பாரை, சீலா, அறுக்குளா முதலியன தேடிச் செல்லும் படகுகள் பாறைகளின் மேல் நின்று செப்பலியையும் தூக்குகின்றன. இதனை நாம் எதிர்ப்பவர்கள் அல்லர். ஒரு மீனைச் சந்தையில் விற்பதை விட, அதனைப் பிடிக்க விரும்புபவரை அழைத்துச் செல்வதில் படகோட்டிக்குக் கூடிய வருமானம் கிடைக்குமாயின் அது வரவேற்கத்தக்கதே. எனினும் மீன் எவ்வாறு பிடிக்கப்படுகின்றது, பின்னர் அதற்கு என்ன நேர்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டியுள்ளது.

பிடித்து விட்டுவிடுவதே நாகரிகமான தூண்டில் விளையாட்டு என்னும் கருத்து மேலை நாடுகளிலிருந்து வந்தது. ஆழமற்ற முகத்துவாரத்தில் இது பெரிதும் பலன் தருகின்றது. கொக்கியை மீன் விழுங்காதவாறு, முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டிலைப் பயன்படுத்தி, ஈரக் கையால் பிடித்து, தாமதியாது நீரில் விட்டால் இளஞ்செப்பலி பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஆழத்துப் பாறையில் நிலைமை வேறு. மீனின் வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பை அது மிதந்து நிற்க உதவுவது. 30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. அங்கிருந்து மீனை விரைவாக மேலே இழுத்தால் பையிலுள்ள வாயு நான்கு மடங்காக விரிகின்றது. செப்பலி வகை மீன்களுக்கு அந்த வாயுவை வாய்வழியே வெளியேற்றும் குழாய் இல்லை. எனவே கண்கள் பிதுங்கி, இரைப்பை வாய்க்கு வெளியே தள்ளப்படுகின்றது. வாயில் தெரிவது காற்றுப்பை என்று எண்ணிச் சிலர் அதனைக் குத்திவிடுவதுண்டு. அது இரைப்பையே. குத்துவது மீனைக் கொல்வதற்கு ஒப்பாகும். அப்படியே நீரில் விட்டாலும் மீன் கீழே செல்ல இயலாது, மேற்பரப்பில் புரண்டு கிடந்து பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும். விட்டவரோ நல்லது செய்ததாக எண்ணிக்கொண்டு கரை திரும்புவார்.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. பாரமான ஈயக்குண்டில் கூர்மையற்ற கொக்கியைத் தலைகீழாகக் கட்டி, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி, வந்த ஆழத்துக்கே இறக்கிவிடுவதாகும். ஆழத்தில் வாயு மீண்டும் சுருங்க, மீன் கொக்கியிலிருந்து தானே விடுபட்டு நீந்திச் செல்கின்றது. அமெரிக்காவில் மெக்சிக்கோ வளைகுடாவின் பாறைமீன்களைப் பிடிக்கச் செல்லும் படகுகள் இத்தகைய கருவியையோ, வாயுவை வெளியேற்றும் ஊசியையோ ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்னும் சட்டம் 2022 இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் செந்நிறப் பாறைமீனுக்குத் தூண்டிற்காரர்களால் ஏற்பட்ட நெருக்கடி எத்தகையது என்றால், 2017 இல் தனியார் படகுகளுக்கு மத்திய அரசு முதலில் அனுமதித்த நாட்கள் மூன்றே மூன்று. பலத்த எதிர்ப்பின் பின்னரே அது நீடிக்கப்பட்டது. வலையும் இயந்திரமும் மட்டுமே கடலை வெறுமையாக்கும், ஒற்றைத் தூண்டிலால் என்ன நேரும் என்போர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

உண்ணும் நோக்கமின்றி ஓர் உயிரைக் கொக்கியில் மாட்டி இழுத்து, பின்னர் விட்டுவிடுவது தகுமா என்னும் கேள்வியும் உண்டு. நம் நாட்டு இந்து, முஸ்லிம் வாசகர் இரு சாராரிடமும் இது எழக்கூடியதே. பசிக்காகப் பிடிப்பதும் பொழுதுபோக்குக்காக வதைப்பதும் ஒன்றல்ல என்பது நம் முன்னோர் கொண்ட எண்ணம். அது பழைமைவாதம் என ஒதுக்கத்தக்கதன்று. ஜேர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றி மீனுக்குத் துன்பம் விளைவிப்பது குற்றமாகும் என்பதால், விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பது அங்கு ஏற்கப்படுவதில்லை. சுவிற்சர்லாந்திலும் அத்தகைய கட்டுப்பாடு உண்டு. மறுபுறம், உண்பதற்காகவே பிடிப்பவரும் அளவு குறைந்த குஞ்சு கொக்கியில் வந்தால் அதனை விடத்தான் வேண்டும். எமது கருத்தில் நேர்மையான வழி இதுவே: முகத்துவாரத்தில் வரும் குஞ்சை விட்டுவிடுதல், பாறையில் உண்பதற்கு வேண்டிய நடுத்தர மீன் ஒன்றிரண்டு கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுதல். விடுவதற்காகப் பாறையில் நாள் முழுவதும் இழுத்துக்கொண்டிருப்பது மீனுக்கும் நன்மையில்லை, மனத்துக்கும் அழகில்லை.

பெரிய மீனை உண்ணாது விடுவதற்கு மற்றொரு காரணமும் உளது. சில பாறைப் பகுதிகளில் நுண்ணிய பாசியில் உருவாகும் சிகுவாட்டெரா என்னும் நஞ்சு, இரைகௌவி மீன்களின் உடலில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். சமைப்பதால் அது அழியாது; மணத்தாலோ சுவையாலோ அறியவும் முடியாது. 2016 இல் மங்களூர்ப் பகுதியில் செந்நிறப் பாறைமீனின் தலைகளை வாங்கி உண்ட பலர் இந்நஞ்சால் நோயுற்றனர். குயீன்ஸ்லாந்தில் போஹார் மீனைப் பிடித்து வைத்திருப்பதே தடைசெய்யப்பட்டுள்ளது. செப்பலிக்கு இத்தகைய கெட்ட பெயர் இல்லை. எனினும் பெரிய போஹாரையும் பெரிய செப்பலியையும் ஐஸ் பெட்டியில் வைத்துப் பிரித்தறிவது எல்லோராலும் இயலாது.

தூண்டிற்காரரை மட்டும் குறைகூறி அமைவது நியாயமாகாது. கிழக்குக் கடலில் டைனமைற் வெடிக்க வைத்து மீன் பிடிக்கும் கொடுமை இன்னும் ஒழிந்தபாடில்லை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டம் இதனைத் தடைசெய்துள்ளது. ஒரு வெடி, குஞ்சையும் தாயையும் மட்டுமன்றி, அவை குடியிருந்த முருகைக்கல்லையும் சேர்த்துச் சிதைக்கின்றது. நிலாவெளியை அடுத்த புறாத்தீவுக் கடல் 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. காயான்கேணிக் கடற்பகுதி 2019 இல் சரணாலயமாக்கப்பட்டது. காவல் இருந்தால்தான் இப்பெயர்களுக்குப் பொருள் இருக்கும். அளவுக் கட்டுப்பாடு நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. அளவு குறைந்த சிங்கி இறாலையும் முட்டை தாங்கிய சிங்கி இறாலையும் பிடிக்கலாகாது என விதித்த நாடு இது. அதே நியாயம் செப்பலிக்கும் பொருந்தும். ஆனால் அளவை நிர்ணயிப்பதில் கவனம் வேண்டும். குயீன்ஸ்லாந்தில் குறைந்தபட்ச நீளம் 35 சென்ரிமீற்றர். அது பருவமடையும் அளவுக்கு மிகக் கீழே உள்ளது. அங்கு ஒருவர் ஐந்து மீன்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் ஓரளவு ஈடாகின்றது. நாம் விதி வகுப்பதாயின், குஞ்சுக்கும் தாய்க்கும் இடைப்பட்ட நடுத்தர அளவை மட்டும் அனுமதிப்பதே அறிவுடைமை.

இனி மீண்டும் லக்கலவுக்கு வருவோம். அம்பன் கங்கைக்குக் குறுக்கே மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2017 இல் நீர் நிரப்பப்பட்டது. களு கங்கை நீர்த்தேக்கம் 2018 இல் நீர் கண்டது. பழைய பல்லேகம ஊரின் நிலங்கள் நீரில் மூழ்க, லக்கல மக்களுக்குப் புதிய நகரம் அமைத்துக் கொடுக்கப்பட்டது. வட மாகாணம் வரை வயலுக்கும் குடிநீருக்கும் உதவும் திட்டம் என்பதால் இதன் தேவையை நாம் மறுக்கவில்லை. எனினும் அணை நீரை மட்டும் தடுப்பதில்லை. மலை இறக்கிவிடும் மணலையும் வண்டலையும் தன்னுள் படியவைக்கின்றது. எஞ்சியதைக் கீழே மகாவலிப் படுகையின் மணல் அகழ்வோர் லொறிகளில் ஏற்றுகின்றனர். முகத்துவாரத்தின் சேற்று மேடுகளையும், அவற்றிற் பிடிகொண்டு நிற்கும் கண்டல்களையும் உருவாக்குவது இந்த வண்டலே.

நன்னீரின் அளவும் முக்கியமானது. அவுஸ்திரேலியாவில் செப்பலியைப் போலவே முகத்துவாரத்தை நாடும் கொடுவா மீனில் இது அளந்து காட்டப்பட்டுள்ளது. ஆற்றில் நீர் பெருகி ஓடிய ஆண்டுகளில் பிறந்த மீன்களே பின்னாளில் மிகுதியாகக் காணப்பட்டன. கொட்டியாரக் குடாவில் செப்பலிக் குஞ்சு எந்த மாதத்தில், எந்த நீர்மட்டத்தில் உள்ளே வருகின்றது என்பதை மூதூர், கிண்ணியா மீனவர் அனுபவத்தால் அறிந்திருப்பர். ஃபோர்ஸ்கோல் அரபு மீனவரிடம் கேட்டதுபோல அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது நாரா நிறுவனத்தின் கடமை என நாம் கருதுகின்றோம். குயீன்ஸ்லாந்தில் செய்ததுபோல முகத்துவாரத்து இளமீன்களுக்கு அடையாளமிட்டு விடவும், வெளிக்கடலில் அவற்றைப் பிடிக்கும் உல்லாசப் படகுகளிடமிருந்து தகவல் பெறவும் பெருஞ்செலவு ஆகாது. தூண்டில் விளையாட்டு தன் இருப்புக்கு நியாயம் காட்ட இதைவிடச் சிறந்த வழி இல்லை.

லக்கலவின் ஓடைகளுக்கும் தமக்கே உரிய மீன்கள் உண்டு. உலகில் வேறெங்கும் காணப்படாத கெண்டை வகைகள் இம்மலைத்தொடரின் நீரில் வாழ்கின்றன. இவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும். மலையோடைக் கல்லிடுக்கில் வளரும் விலாங்கோ செப்பலியிலிருந்து ஒருவகையில் வேறுபட்டது. அது ஆற்றின் மேற்பகுதி வரை ஏறி வந்து வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆழ்கடலுக்குத் திரும்புகின்றது. அந்த வழியில் இப்போது அணைகள் நிற்கின்றன. செப்பலிக்கு அவ்வாறு மலையேறும் தேவை இல்லை. முகத்துவாரத்தில் வேரும் நிழலும் நன்னீரும் இருந்தால் அதற்குப் போதுமானது.

மாத்தளைச் சந்தையில் அடுத்த முறை செந்நிற மீனைக் காணும் வாசகர் அதன் நீளத்தைக் கவனிப்பாராக. ஒரு முழத்துக்குக் குறைந்து, பக்கத்தில் வெளிறிய பட்டைகள் இன்னும் மறையாதிருந்தால் அது ஆற்றுவாயில் பிடிபட்ட குஞ்சாக இருக்கலாம். சட்டிக்கு அளவானது என்று கூறி வியாபாரி அதனையே முதலில் நீட்டுவார். வேறு மீன் கேட்டு வாங்குவதில் நமக்கு நட்டம் எதுவுமில்லை.